கபிலன் வராத ஞாயிறுகள்

மார்ச் 9, ஞாயிறு

வில்லிவாக்கத்தில் ஒரு டைல்ஸ் கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. சத்தம் வெளியே போகாமலிருக்க உள்சுவர் முழுக்க முட்டை அட்டையும் பழைய மெத்தையும் அடித்திருக்கிறார்கள். 'உப்பளம்' என்கிற ராக் குழு பயிற்சி செய்யும் இடம். இனி என் ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேதான்.

பாடிக்கொண்டே கிதார் வாசிப்பவர் இளம்பரிதி, இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறார். பேஸ் கிதார் தாவூத் பாய், அயனாவரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். டிரம்ஸ் கபிலன். பொங்கல் கழிந்த வாரம், கோவளத்துக்குத் தெற்கே கடலில் குளிக்கப் போன கபிலன் திரும்பவில்லை. ஜூனில் எழும்பூரில் ஒரு நிகழ்ச்சி ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அதற்குத்தான் டிரம்ஸ் கற்றுக்கொடுக்கும் என்னைக் கூப்பிட்டது.

நான் அடிகளை எழுதிய தாளை ஸ்டாண்டில் வைத்ததும் பரிதி சிரித்தார். "கபிலன் முன்னாடி பேப்பரை வச்சா ராக்கெட் பண்ணி விட்டுருப்பான்."

"எனக்கு எழுதி வச்சாதான் வாசிக்க வரும்" என்றேன்.

அதில் எனக்கு வெட்கமில்லை. மாணவர்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். எந்த இடத்தில் எந்தக் கை விழும் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தால்தான் கூட வாசிக்கிறவர்கள் நம்பி அடுத்த வரிக்குப் போக முடியும்.

கபிலனின் மனைவி தேன்மொழியும் வந்திருந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மூலையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மடியில் முறம். நாங்கள் வாசித்து முடிக்கும்வரை பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது பரிதியிடம், "இன்னிக்கு அவர் வரல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு முகம் சுட்டது.

மார்ச் 16, ஞாயிறு

தேநீர் குடிக்கும்போது தாவூத் பாயிடம் கேட்டேன், கபிலன் அப்படி என்னதான் செய்வார் என்று.

"ஒரு தடவை வாசிச்சதை மறுபடி வாசிக்க மாட்டான்மா. பாட்டு அதே பாட்டுதான். ஆனா ஒரு வரி முடிஞ்சு அடுத்த வரிக்குப் போற எடம் இருக்கில்ல, அங்க எங்கயாவது காணாம போயிடுவான். எங்க போறான்னு எங்களுக்குத் தெரியாது. அவனுக்கே தெரியாது. ஆனா முதல் அடிக்குக் கரெக்டா திரும்பி வந்துடுவான்." கோப்பையைப் பார்த்துக்கொண்டே இன்னொரு முறை சொன்னார். "எப்பவும் வந்துடுவான்."

பரிதி தன் போனிலிருந்த பயிற்சிப் பதிவுகளை எனக்கு அனுப்பியிருக்கிறார். இதே மாதிரி வாசித்தால் போதும் என்கிறார். யோசிக்காமல் வாசித்ததை நான் யோசித்து எழுதி, மனப்பாடம் செய்து, யோசிக்காதது போல் வாசிக்க வேண்டும். சிரிப்பாக இருக்கிறது.

தேன்மொழி பூண்டு உரித்தாள். அவர் வரவில்லையாம்.

மார்ச் 21, வெள்ளி

வகுப்பு இல்லை. துணி துவைத்துப் போட்டுவிட்டுப் பதிவுகளோடு உட்கார்ந்தேன். 'நங்கூரம்' என்கிற பாட்டுக்கு மட்டும் ஐந்து பதிவுகள். ஒன்றைப் போல் ஒன்று இல்லை. ஒன்றில் அமைதியான இடத்தில் சிம்பல் தட்டு நொறுங்குவது போல் ஒலிக்கிறது. இன்னொன்றில் அதே இடத்தில் அவர் வெறுமனே ஸ்னேர் டிரம்மின் விளிம்பைத் தட்டுகிறார், யாரோ வாசலில் நிற்பது போல. இவரிடம் ஒழுங்கே இல்லை என்று ஆரம்பத்தில் எரிச்சல் வந்தது. மதியத்துக்கு மேல் ஒன்று பிடிபட்டது. காணாமல் போவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை தாமதிக்கிறார். தண்ணீருக்குள் முங்குவதற்கு முன் மூச்சு இழுப்பது போல. அது மட்டும் மாறவே இல்லை.

அதையும் எழுதிக்கொண்டேன். அதற்கு இசைக் குறிப்பில் குறியீடு கிடையாது. நானே ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

அந்தத் தாமதத்தை இன்று செய்து பார்த்தேன். அதன் பிறகு தாளில் இருந்ததை அப்படியே வாசித்தேன்.

தேன்மொழியின் கை நின்றது. முதுகுதான் எனக்குத் தெரிந்தது. தலை கொஞ்சம் நிமிர்ந்தது. பிறகு மறுபடி பூண்டு.

"வரல" என்றாள் போகும்போது. ஆனால் இந்த முறை உடனே சொல்லவில்லை. அடுத்த வாரத்துக்குள் அவளுக்கு அவரை வரவழைத்துக் காட்டுகிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நான் உட்காரும் ஸ்டூல் ஒரு சாண் இறங்கியிருந்தது. கபிலன் தாழ்வாகத்தான் உட்கார்வாராம். வாரம் முழுக்கக் கொட்டகை பூட்டியே இருந்தது என்று பாய் சொல்கிறார். மரை தேய்ந்திருக்கும். மறுபடி ஏற்றவில்லை, அந்த உயரமும் வசதியாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஆராதனை முடிந்து நேராகக் கொட்டகைக்குப் போனேன். இன்று வாசித்ததைப் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து தாளோடு ஒப்பிட்டேன். 'நங்கூரம்' இரண்டாம் சரணத்துக்கு முன்னால் நான் எழுதியிருப்பது வேறு, பதிவில் இருப்பது வேறு. மிக நன்றாக இருக்கிறது. கபிலனின் ஐந்து பதிவுகளில் எதிலும் அது இல்லை. எங்கே கேட்டேன் என்று தெரியவில்லை. வெயிலில் தாளைத் தவறாகப் பார்த்திருப்பேன்.

கொட்டகைக்குள் வெயில் வராது என்பது இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

காலை ஆராதனைக்கு டிரம்ஸ். எனக்குப் பழகிய கீர்த்தனைகள், பத்து வருடமாக ஒரே மாதிரி வாசிப்பவை. மூன்றாவது பாட்டில் பாடகர் குழு சட்டென்று நின்றுவிட்டது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என்ன செய்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டில் கேக் வெட்டினோம். என் கணவர் ஜெயசிங் வஞ்சிர மீன் வாங்கி வந்து அவரே பொரித்தார். நாகர்கோவில்காரி நான், மீன் இல்லாமல் சோறு இறங்காது. இன்று மீன் வாசனை வந்ததும் வாசலுக்குப் போய்விட்டேன்.

"ஒடம்புக்கு முடியலியா ஜெரூ?"

"ஒண்ணுமில்ல. பித்தம்."

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று அவர் வந்தார்.

சரியாக எழுத வேண்டும். இன்று நான் நன்றாக வாசித்தேன். தாள் ஸ்டாண்டில்தான் இருந்தது, பார்க்கவில்லை. 'நங்கூரம்' நடுவில் அந்த மூச்சுக்குப் பிறகு கைகள் தானாகப் போயின. எங்கே போகின்றன என்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். பரிதி கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிறார். முதல் அடிக்கு நாங்கள் மூவரும் ஒன்றாக இறங்கியபோது கொட்டகையே அதிர்ந்தது. இத்தனை வருட வாசிப்பில் எனக்கு அப்படி ஒன்று நடந்ததில்லை.

முறம் கீழே விழுந்து பூண்டெல்லாம் சிதறியது. தேன்மொழி குனிந்து பொறுக்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "இப்ப வந்தாரு" என்றாள்.

அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். பேருந்தில் வரும்போது எனக்கும் கண் கலங்கியது.

மே 2, வெள்ளி

குடிக்கிற தண்ணீர் கரிக்கிறது. கேன் போடுகிறவரிடம் சொல்லி மாற்றச் சொன்னேன். புதுக் கேனும் கரிக்கிறது. ஜெயசிங் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு நல்லாத்தானே இருக்கு என்கிறார். வேறு கம்பெனி பார்க்க வேண்டும்.

மே 11, ஞாயிறு

இப்போதெல்லாம் எல்லாப் பாட்டிலும் வருகிறது. தாளைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பரிதி என்னைத் தட்டிக்கொடுத்தார். "நீ எங்களுக்குக் கெடச்சது பெரிய விஷயம்" என்றார். எப்போதிருந்து 'நீ' ஆனேன் என்று தெரியவில்லை. கபிலனும் அவரும் கல்லூரியிலிருந்தே நண்பர்கள்.

பாதியிலேயே தேன்மொழி எழுந்து போய்விட்டாள். என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. இவ்வளவு செய்தும் ஒரு நன்றி கூடவா இல்லை என்று தோன்றியது.

மே 18, ஞாயிறு

இதை அப்படியே எழுதிவிட வேண்டும்.

பயிற்சிக்கு முன்னால் தேன்மொழி கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்" என்று எதிரே இருந்த ஜூஸ் கடைக்குக் கூட்டிப்போனாள். இரண்டு சாத்துக்குடி சொன்னாள். இத்தனை வாரத்தில் அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தது இன்றுதான். என்னைவிடச் சின்னவள்.

நானே ஆரம்பித்தேன். "போன வாரம் சரியா வரலியோ? நீங்க பாதியிலயே போய்ட்டீங்க."

"வந்ததாலதான் போனேன்."

எனக்குப் புரியவில்லை.

"இன்னும் ஒடம்பு கெடைக்கல, தெரியுமில்ல?" என்றாள். "மீன் பிடிக்கிறவங்க, போலீஸ், எல்லாரும் தேடினாங்க. துண்டும் செருப்பும் மட்டும் கரையில இருந்துச்சு. அவர் அண்ணன் காரியம் பண்ணிடலாம்னாரு. நான் ஒத்துக்கல. எங்கயோ கரை ஏறி, நினைவு தப்பி, ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில படுத்திருப்பாருன்னு இருந்தேன். பைத்தியக்காரத்தனம்னு எனக்கும் தெரியும். ஆனா அப்படியே இருந்தேன்."

ஜூஸ் வந்தது. அவள் தொடவில்லை.

"நீங்க புதுசா வர்றீங்கன்னு பரிதி சொன்னப்ப, வந்து கேட்டுப் பாத்துடலாம்னு தோணுச்சு. அவர் எங்க காணாம போவாரு, எப்படித் திரும்புவாருன்னு எனக்குத் தெரியும். கல்யாணமான நாள்லேர்ந்து கேக்கறேன். மொத நாள் நீங்க வாசிச்சப்போ அவர் அதுல இல்ல. எனக்கு எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவர் வரல, வரலன்னு சொல்லிக்கிட்டே வீட்டுக்குப் போவேன். அன்னிக்கு நல்லாத் தூங்குவேன்."

அவள் ஜூஸ் டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"உயிரோட இருக்கறவரு எதுக்குங்க அடுத்தவங்க கையில வரணும்?"

ஜூஸ் கடைக்காரர் பனிக்கட்டி உடைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்துக்கு என் விரல்கள் மேசையில் அசைந்தன போலிருக்கிறது. தேன்மொழி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, மெதுவாக, குழந்தையின் கையைப் பிடித்து நிறுத்துவது போல், தன் உள்ளங்கையை என் விரல்கள் மேல் வைத்தாள்.

"நிறுத்த முடியுமா உங்களால?" என்றாள்.

முடியும் என்றேன்.

மே 25, ஞாயிறு

புதிதாகத் தாள் எழுதிக் கொண்டுபோனேன். எல்லாம் என் முறைப்படி, என் கணக்குப்படி. அந்த வட்டக் குறி எங்கும் இல்லை. ஸ்டூலை ஏற்றினேன். கண்ணைத் தாளிலிருந்து எடுக்கவில்லை.

கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு வரி முடிவிலும் ஏதோ முட்டிக்கொண்டு வருகிறது. அடுத்த நோட்டு, அடுத்த நோட்டு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வாசித்தேன். முடிந்தபோது தோள்பட்டை இரண்டும் கல்லாக இருந்தன.

பரிதி கிதாரைக் கழற்றி வைத்தார். "என்ன ஆச்சு? ரெண்டு வாரம் முன்னாடி எப்படி இருந்துச்சு. இப்ப உயிரே இல்லயே."

"எழுதி வச்சதைத்தான் வாசிப்பேன். முதல் நாளே சொன்னேன்."

"ஜெரூஷா, ஜனங்க வர்றதே அவனைக் கேக்கத்தான்."

"அவங்க என்னைத்தான் கேக்கப் போறாங்க."

தாவூத் பாய் தலையைக் குனிந்து பேஸ் கிதாரைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

தேன்மொழி உரித்த பூண்டில் ஒரு கை அள்ளி என் பையில் போட்டாள். "வரல" என்றாள், என்னைப் பார்த்து. சிரித்தாள்.

அவளுக்கு நான் நல்லது செய்கிறேனா கெட்டது செய்கிறேனா என்று தெரியவில்லை. ஒரு பொய்க்குக் காவல் நிற்கிறேன். ஆனாலும் நிற்கிறேன்.

ஜூன் 1, ஞாயிறு

வரவில்லை. தண்ணீர் இன்னும் கரிக்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

நிகழ்ச்சிச் சுவரொட்டியில் 'கபிலன் நினைவாக' என்று போட வேண்டும் என்கிறார் பரிதி. தேன்மொழி கூடாது என்றாள். பரிதிக்குக் கோபம் வந்தது. "அவன் எனக்கும்தான் செத்துப்போனான்" என்றார். கத்தவில்லை. சொல்லிவிட்டு வெளியே போய் வண்டி மேல் உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் உள்ளே வரவில்லை. இவரும் யாரையோ தேடிக்கொண்டுதான் ஞாயிறுதோறும் வருகிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சுவரொட்டியில் அந்த வார்த்தை இல்லை.

ஜூன் 14, சனி

மாலை நிகழ்ச்சி. புடவைக்குப் பதில் கறுப்புச் சட்டை, இஸ்திரி போட்டாயிற்று. குச்சிகள் மூன்று ஜோடி. தாள்களை வரிசைப்படி அடுக்கிக் கிளிப் போட்டாயிற்று. எல்லாம் எழுதியிருக்கிறேன். எழுதாத இடம் ஒன்றுகூட இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

நேற்று அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் தேன்மொழி, பக்கத்தில் ஜெயசிங். மேடையைப் பார்த்து உட்கார்ந்து அவள் எங்களைக் கேட்பது இதுவே முதல்முறை.

'நங்கூரம்' வரைக்கும் சுத்தமாகப் போனது. அந்தப் பாட்டின் நடுவில் மற்ற இருவரும் நிறுத்திவிட, டிரம்ஸ் மட்டும் கொஞ்ச நேரம் தனியாக வரும். அதையும் எழுதி வைத்திருந்தேன். ஒரு தப்பும் இல்லாமல் வாசித்தேன். கடைசி நோட்டு விழுந்தது. கிதார் வரவில்லை.

பரிதியைப் பார்த்தேன். கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கெஞ்சுகிற முகம். பாயும் அவரைப் பார்த்துத் திகைத்து நின்றார். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். தாளில் அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

குச்சியைத் தூக்கிப் பிடித்திருந்தது நினைவிருக்கிறது. அந்தத் தாமதம் நினைவிருக்கிறது. மூச்சு இழுத்தேன்.

மீதியைத் தாவூத் பாய் சொல்லித்தான் எழுதுகிறேன். வெகுநேரம் வாசித்தேனாம். முதலில் கூட்டம் கத்தியதாம், பிறகு அடங்கிவிட்டதாம். "அது அவன் வாசிச்ச மாதிரி இல்லம்மா" என்றார். "அவன் இன்னும் வாசிக்காதது." எதற்கும் கலங்காத மனுஷன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். அதில் ஓரிடத்தில் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டதாம், காலால் அடிக்கும் கிக் டிரம் மட்டும், தூரத்தில் அலை விழுவது போல். நான் திரும்பி வரவே மாட்டேன் என்று நினைத்தாராம். தேன்மொழி எழுந்து மேடைக்குப் பக்கத்தில் வந்து பலகையின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாளாம். பிறகு வெளியே போய்விட்டாளாம்.

முதல் அடிக்கு மூவரும் ஒன்றாக இறங்கினோம். அது எனக்கு நினைவிருக்கிறது. பரிதி அழுதுகொண்டே பாடினார்.

மேடையிலிருந்து இறங்கியதும் அவரிடம் கேட்டேன், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று.

"ஒரே ஒரு தடவை கேக்கணும்போல இருந்துச்சு" என்றார்.

அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கவில்லை. ஜெயசிங் என்னைக் கைத்தாங்கலாக வண்டிக்குக் கூட்டிப்போனார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வியர்வையா இது என்று அவர் பிழிந்து, விரலை முகர்ந்து பார்த்தார்.

ஜூன் 17, செவ்வாய்

தேன்மொழியைக் கூப்பிட போனை எடுத்தேன், வைத்துவிட்டேன். முடியும் என்று அவளிடம் சொன்னவள் நான்.

ஜூன் 18, புதன்

அவளே கூப்பிட்டாள். "வெள்ளிக்கிழமை காலைல கடலுக்கு வர்றீங்களா? அவர் அண்ணனும் வர்றாரு. காரியம் பண்ணிடலாம்னு இருக்கேன்." வேறு எதுவும் சொல்லவில்லை. வருகிறேன் என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

கோவளம் தாண்டி, படகுகள் ஏற்றிப் போட்டிருக்கும் கரை. அண்ணன் சற்றுத் தள்ளி ஐயரோடு பேசிக்கொண்டிருந்தார். தேன்மொழி கழுத்தில் கயிறு இல்லை. காலையில் தானே கழற்றிவிட்டாளாம், யாரையும் தொட விடவில்லையாம். கையில் ஒரு சொம்புப் பால், கொஞ்சம் சாமந்தி.

"மன்னிச்சிடுங்க" என்றேன்.

"எதுக்கு? எத்தனை நாள் இழுத்துப் பிடிச்சீங்க. நானே பாத்தேனே." அலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவரும் பாவம், எவ்ளோ நாள் நிப்பாரு."

இருவரும் நீரில் இறங்கினோம். முழங்கால்வரை. எனக்கு நீச்சல் தெரியாது, கடலில் அதற்கு மேல் என்றைக்கும் போனதில்லை. அவள் பாலை ஊற்றினாள். வெள்ளையாக ஒரு நொடி நின்று கலைந்தது. பூவை அலை திருப்பிக் கொண்டுவந்து எங்கள் காலடியிலேயே போட்டது. அவள் மறுபடி எடுத்து மறுபடி போட்டாள்.

பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"வலிச்சுதா அவருக்கு?"

"இல்ல" என்றேன். "வெளியிலதான் குளிரு. தண்ணிக்குள்ள வெதுவெதுன்னு இருந்துச்சு. கொஞ்ச நேரம் மேல வெளிச்சம் தெரிஞ்சுது. அப்புறம் அதுவும் போயிடுச்சு."

சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. தேன்மொழி தலையை ஆட்டினாள், எதிர்பார்த்த விலாசத்தை ஒருவர் சொல்லக் கேட்டது போல. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

"கடைசில என்னை நினைச்சாரா?"

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். அலை வந்து போனது, இன்னொன்று வந்து போனது. கை, விரல், நெஞ்சு, எங்கும் எதுவும் அசையவில்லை. என்னவோ ஒன்று முடிந்துபோயிருந்தது. இனி நான்தான் சொல்ல வேண்டும் என்று புரிந்தது. என்ன சொல்வது, எப்படிச் சொல்வது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று நிதானமாக யோசித்தேன்.

"நினைச்சாரு, தேன்மொழி. உங்களை மட்டும்தான்."

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"இது நீங்க" என்றாள்.

ஆமாம் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கரை ஏறும்வரை விடவில்லை.